என் மீது வந்த புகாரை எழுதி வைத்த ஐரின் அம்மையார்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நமது வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் மூத்த வழக்கறிஞர்களே! முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும், ஐரின் அம்மையாரின் கணவர் ஆசிரியர் ஸ்டீவ் ஞானம் அவர்களே! அம்மையாரின் தங்கை எஸ்தர் அவர்களே! தல்லாகுளத்திலிருந்தும் விளாங்குடியிலிருந்தும், நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டிய ஊர்களிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும், வழக்கு நடத்தும் கட்சிக்காரப் பெருமக்களே! இளம் வழக்கறிஞர்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

என் பெயர் ஜெயபாண்டி. இங்கே பலருக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தல்லாகுளத்தில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், பதினோரு வழக்கறிஞர்கள் சேர்ந்து நடத்தும் ஓர் அலுவலகம் இருக்கிறது. அதைத் தொடங்கியவன் நான். அந்த அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றியவர், அதில் கடைசி எட்டு ஆண்டுகள் கட்சிக்காரர்களின் புகார்களைக் கேட்கும் பொறுப்பைச் சுமந்தவர், வழக்கறிஞர் திருமதி ஐரின் ஞானம் அவர்கள். சென்ற மாதம் தமது ஐம்பத்தேழாவது வயதில் நம்மை விட்டுப் பிரிந்தார்.

இந்தக் கூட்டத்தில் நான் பேசலாமா என்று ஸ்டீவ் சாரிடம் கேட்கப் போனேன். அவர் சொன்னார்: "பேசுங்க சார். ஆனா அவள நல்லவ, வல்லவன்னு சொல்லிட்டு எறங்கிறாதீங்க. அது எல்லாரும் சொல்லுவாங்க. நடந்தத சொல்லுங்க."

நடந்ததைச் சொல்கிறேன், பெரியோர்களே! எனக்குப் பெருமை தராத ஒன்றைச் சொல்லப் போகிறேன். பொறுமையோடு கேளுங்கள்.

ஐரின் அம்மையார் மிஷன் பள்ளியில் பதினோரு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவர். முப்பத்தைந்தாம் வயதில் வேலையை விட்டுவிட்டுச் சட்டம் படிக்க வந்தார். "ஏம்மா, இருக்கிற வேலைய விட்டுட்டு இந்த வயசுல எதுக்கு?" என்று நேர்காணலில் நான் கேட்டேன். "பிள்ளைங்க கேள்வி கேட்டா நான் பதில் சொல்லணும் சார். அவங்களப் பெத்தவங்க கேள்வி கேட்டா யாரும் பதில் சொல்றதில்ல. அதப் பார்த்துப் பார்த்துதான் வந்தேன்" என்றார். அன்று எனக்கு அது ஒரு வாத்தியாரம்மாவின் பேச்சாகத்தான் பட்டது. சிரித்துக்கொண்டே வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு நாள். மொக்கைச்சாமி என்று ஒரு கட்சிக்காரர். லாரி மோதிக் கால் ஒடிந்தவர். அவருடைய விபத்து இழப்பீட்டு வழக்கை எங்கள் அலுவலகம் நடத்திக்கொண்டிருந்தது. அவர் எங்கள் மாடிப்படியில் நின்றுகொண்டு சத்தம் போடுகிறார். "எம்புட்டுத் தடவ வந்துட்டேன்! எம்புட்டுத் தடவ! ஒருத்தராச்சும் ஒக்கார வச்சு ஒரு வார்த்த சொன்னீகளா?" என்று கத்துகிறார். உள்ளே நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கதவைச் சாத்திக்கொண்டோம். ஒருவர் சிரித்தார். நானும்தான் சிரித்தேன்.

ஐரின் அம்மையார் மட்டும் கதவைத் திறந்துகொண்டு போனார். அவரை உள்ளே அழைத்து வந்து தம் நாற்காலியில் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, "சொல்லுங்கண்ணே, மெதுவா சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார்.

அந்த மனிதரின் குறை என்ன? அவருடைய வழக்கு வேறு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. நாங்கள் அவருக்குச் சொல்லவே இல்லை. ஒடிந்த காலோடு, மூன்று வாய்தாவுக்கு, அவர் தவறான நீதிமன்றத்தின் வராந்தாவில் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்! வழக்கில் நாங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. மனிதரிடம்தான் தப்புச் செய்திருந்தோம்.

அம்மையார் மறுநாள் அலுவலகத்தின் சார்பில் தமிழில் ஒரு கடிதம் எழுதினார். "உங்களுக்குத் தகவல் சொல்லாதது எங்கள் தவறு. வருந்துகிறோம்" என்று அதில் இருந்தது. அதை வாங்கிக்கொண்ட மொக்கைச்சாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல கையெழுத்துப் போட்டது வக்கீலா? வக்கீலுங்க தப்புன்னு எழுதிக் குடுப்பாகளா?" என்று கேட்டார். அவர் இன்று இந்த அரங்கில் வந்து அமர்ந்திருக்கிறார். அந்தக் கடிதத்தைத் தம் ஊரில் காட்டாத ஆள் இல்லை என்று இப்போது வாசலில்கூட என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அம்மையார் என்னிடம் வந்து, புகார்களுக்கென்று ஓர் ஒழுங்கு வேண்டும் என்றார். அவர் எழுதிக் கொண்டுவந்தது ஒரே ஒரு தாள். புகார் சொல்ல வருகிறவரை முதலில் உட்கார வைக்க வேண்டும். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி, அவருக்கே திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். யார் மீது புகாரோ அவர் அந்த விசாரணையில் தலையிடக் கூடாது. பதிலைப் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தப் பதிலில் நிறைவு இல்லையென்றால் மேற்கொண்டு பார் கவுன்சிலுக்குப் போகலாம் என்பதையும் நாமே சொல்லிவிட வேண்டும். அவர் வேறு வக்கீலிடம் போக விரும்பினால், மறு பேச்சில்லாமல் வழக்குக் கட்டைக் கொடுத்து அனுப்ப வேண்டும்.

"மேடம், நம்ம தலையில நாமளே மண்ண அள்ளிப் போட்டுக்கணுமா?" என்று கேட்டேன்.

"மண்ணு ஏற்கெனவே இருக்கு சார். தட்டி விடணும்" என்றார்.

கையெழுத்துப் போட்டேன். அலுவலகத்துக்கு நல்ல பெயர் வந்தது. கருத்தரங்குகளில் அதைப் பற்றிப் பேசினேன். இதே மன்றத்தில், இதே மேடையில், "எங்கள் அலுவலகத்தில் கட்சிக்காரர்தான் முதல்" என்று நான் முழங்கியதைக் கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நீங்கள் கைதட்டினீர்கள். புகார் மற்றவர்கள் மீது வந்தவரை நான் எவ்வளவு நல்ல தலைவனாக இருந்தேன், பார்த்தீர்களா!

இனிச் சொல்ல வேண்டியது மலையம்மாளைப் பற்றி.

மலையம்மாள் நாகமலைக்குத் தெற்கே ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். அவரைப் பெற்றவர்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் இருந்ததில்லை. பிறர் வயலிலேயே வேலை செய்து முடிந்துபோனவர்கள். மலையம்மாளும் அவர் கணவரும் செங்கல் காளவாசலில் பல ஆண்டு உழைத்து ஒன்றரை ஏக்கர் நிலம் வாங்கினார்கள். வெண்டையும் கத்தரியும் போட்டார்கள். கணவர் இறந்த பிறகு பக்கத்து நிலத்துக்காரர் ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் காட்டி, அந்த ஒன்றரை ஏக்கரும் தன்னுடையது என்று வழக்குப் போட்டார். மலையம்மாளுக்காக எங்கள் அலுவலகம் ஆஜரானது. கீழ்க்கோர்ட்டில் தோற்றோம். மேல்முறையீட்டில் ஜெயிக்கக்கூடிய வழக்கு அது. இன்றைக்கும் சொல்கிறேன், ஜெயிக்கக்கூடிய வழக்கு!

மேல்முறையீடு செய்ய முப்பது நாள் கெடு என்பது உங்களுக்குத் தெரியும். என் ஜூனியர் அருண்பாண்டி, நாலு வருடம் என்னிடம் இருந்த பிள்ளை, தீர்ப்பு நகல் வாங்கி, மனுவைத் தயார் செய்து, ஒன்பதாம் நாளே என் மேசையில் வைத்துவிட்டார். நான் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் பாக்கி. அப்போது நான் எங்கே இருந்தேன்? நம் சங்கத் தேர்தலில் நின்றுகொண்டிருந்தேன்! ஒவ்வொரு கோர்ட்டாகப் போய் உங்களிடம் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் எனக்குப் போடவில்லை. நல்லதுதான் செய்தீர்கள்.

அருண்பாண்டி மூன்று முறை நினைவூட்டினார். ஒவ்வொரு முறையும் கட்டின் மேல் ஒரு சீட்டு ஒட்டினார். நான் பார்க்கவில்லை. கெடு முடிந்தது.

இதுவரை நான் சொன்னது கவனக்குறைவு. எந்த வக்கீலுக்கும் நடக்கலாம். உடனே நீதிமன்றத்துக்குப் போய், தாமதத்தை மன்னிக்கும்படி மனுப் போட்டிருந்தால் நீதிபதி மன்னித்திருப்பார். கெடு முடிந்து மூன்று வாரம் கழித்து அருண்பாண்டி என் அறைக்கு வந்தார். "சார், மலையம்மா கேஸ் அப்பீல் போடவே இல்ல சார். கட்டு உங்க மேசையிலதான் கெடக்கு. இன்னைக்கே தாமத மனு போட்டுருவோம் சார்" என்றார். "பாத்துக்கலாம், போ" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த மனுவில், தாமதம் யாரால் என்று எழுத வேண்டியிருக்கும். தேர்தல் முடியட்டும் என்று நினைத்தேன். தேர்தல் முடிந்த பிறகு, தோற்ற வெட்கம் ஆறட்டும் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, கோர்ட் வாசலில் மலையம்மாள் என்னை வழிமறித்தார். "ஐயா, அப்பீலு போட்டாச்சா?" என்று கேட்டார்.

"போட்டாச்சு ஆத்தா. போய் வேலையப் பாரு" என்றேன்.

பெருமக்களே! அந்த நேரத்தில் எனக்குத் தெரியும். மறந்துவிட்டுச் சொல்லவில்லை. தெரிந்தே சொன்னேன். இதை இதற்கு முன்னால் எந்தச் சபையிலும் நான் சொன்னதில்லை.

பதினோரு மாதம் அந்த அம்மா வந்து வந்து கேட்டார். "வாய்தா வரலம்மா" என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பினார்கள். நான் சொன்னதைத்தானே அவர்கள் நம்புவார்கள்? பிறகு ஒரு நாள் காலையில், வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்த நேரத்தில், நிலத்தை ஒப்படைக்கச் சொல்லிக் கோர்ட் அமீனா தாளோடு வந்து நின்றார். "அப்பீலு நடக்குதுங்கய்யா, எங்க வக்கீல் போட்டுருக்காரு" என்று மலையம்மாள் சொல்லியிருக்கிறார். "அப்படி ஒரு நம்பரே இல்லம்மா" என்று அமீனா சொல்லியிருக்கிறார்.

அந்த வெண்டைக்காய்ச் சாக்கை வரப்பிலேயே போட்டுவிட்டு, அப்படியே பஸ் ஏறி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார் மலையம்மாள். நேராக ஐரின் அம்மையார் அறைக்குப் போனார். அவர் உட்கார வைக்கப்பட்டார். அவர் சொன்னது எழுதப்பட்டது. எழுதியது அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அந்தத் தாளில் அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னாராம். "'வக்கீல் அலுவலகத்தில் சொன்னார்கள்'னு போட்டுருக்கீக தாயி. அலுவலகம் சொல்லல. பெரிய வக்கீல் சொன்னாரு. அவரு வாயால சொன்னாரு. அப்படியே எழுதுங்க."

அம்மையார் அப்படியே எழுதினார்.

அன்று பகல் பதினோரு மணிக்கு என் அறைக்கு வந்தார். "சார், மலையம்மாள் புகார்ல உங்க பேரு இருக்கு. அந்தக் கட்ட எங்கிட்டக் குடுத்துருங்க" என்றார்.

"அது அருண்பாண்டி பாத்த கேஸு மேடம். அவன்கிட்டக் கேளுங்க."

"அருண்பாண்டி பேர அந்தம்மா சொல்லல சார். உங்க பேரத்தான் சொன்னாங்க."

கட்டைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? அன்று மாலையே அருண்பாண்டியைக் கூப்பிட்டு, "நீ நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று அனுப்பினேன். மலையம்மாளிடம், "ஜூனியர் பண்ணுன தப்பு ஆத்தா, அவன வெளிய அனுப்பிட்டேன்" என்று சொன்னேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். அதற்கு விலையாக ஓர் இளைஞனின் நற்பெயர்!

அம்மையார் விசாரித்தார். பன்னிரண்டு நாள் விசாரித்தார். விளாங்குடியில் அருண்பாண்டியின் வீட்டுக்குப் போய் அவர் வாக்குமூலத்தை எழுதி வாங்கினார். அந்த மூன்று சீட்டுகளையும் கட்டிலிருந்து எடுத்துத் தேதி பார்த்தார். கடைசியாக என்னிடம் வந்து நின்றார்.

"சார், ஒரு கேள்வி. போட்டாச்சுன்னு அந்தம்மாகிட்டச் சொன்னப்ப, போடலன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

நான் பதில் சொல்லவில்லை.

"பதில் சொல்லலன்னு எழுதிக்கிறேன் சார்" என்றார். அதட்டவில்லை. குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவனிடம் பேசுவதுபோல இருந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"இந்த ஆபீஸ் யாருதுன்னு ஞாபகம் இருக்கா மேடம்?"

"இருக்கு சார். விதிகள் எழுதுனப்ப கையெழுத்துப் போட்டதும் நீங்கதான்."

"இந்தக் கடிதம் வெளிய போச்சுன்னா என் முப்பத்தஞ்சு வருஷப் பேரு போயிரும்!"

"போகலன்னா அந்தம்மா நிலம் போயிரும் சார்."

கடிதம் போனது. பதினைந்தாம் நாள் தவறாமல் போனது. அதில் இருந்தது இதுதான்: உங்கள் மேல்முறையீடு தாக்கல் செய்யப்படவில்லை. அதற்குக் காரணம் எங்கள் மூத்த வழக்கறிஞர் ஜெயபாண்டி. எங்கள் ஜூனியர் வழக்கறிஞர் மீது எந்தத் தவறும் இல்லை. எங்கள் தவறுக்கு எதிராக நாங்களே உங்களுக்காக வாதாடுவது முறையல்ல. வேறு வழக்கறிஞரிடம் செல்லுங்கள். கட்டு இத்துடன் இருக்கிறது. எங்கள் மீது நடவடிக்கை எடுக்க நீங்கள் விரும்பினால் பார் கவுன்சிலுக்கு எழுத வேண்டிய முகவரி கீழே உள்ளது.

முகவரியையும் தெளிவாக எழுதியிருந்தார்!

கட்டை எடுத்துக்கொண்டு மலையம்மாள் வழக்கறிஞர் தாமரைச்செல்வியிடம் போனார். அவர் தாமத மன்னிப்பு மனுவைத் தாக்கல் செய்தார். எதிர்த்தரப்பு என்ன சொன்னது? "இது கட்டுக்கதை. அவருடைய பழைய வக்கீல் இப்படி எதையும் சொல்லவில்லையே!" என்றது. ஆமாம். நான் சொல்லவில்லை. ஐரின் அம்மையாரின் கடிதம் இருந்தது. ஆனால் நேரில் தெரிந்தவன் நான். நான் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால், என் தவறுதான் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால், அந்த மனு நிற்கும். இல்லையென்றால் விழும்.

நான் கொடுக்கவில்லை. ஏழு மாதம் கொடுக்கவில்லை.

அந்த ஏழு மாதத்தில் ஐரின் அம்மையாருக்கு நான் செய்ததையும் கேளுங்கள். புகார் பதிவேட்டை அவரிடமிருந்து வாங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவர் அறையில் ஜெராக்ஸ் இயந்திரத்தைக் கொண்டுபோய் வைத்தேன். புது வழக்கு ஒன்றுகூட அவருக்குக் கொடுக்கவில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்னைப் பார்த்து மற்ற ஒன்பது பேரும் திருப்பிக்கொண்டார்கள். பத்தொன்பது ஆண்டு கூட இருந்த பெண்மணி மாடிப்படி முகப்பில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அங்கேயும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு அவர் தம் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, படியில் அமர்ந்து எழுதினார். ஒரு நாற்காலிதானே இருந்தது?

ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "நீங்களா போயிருங்களேன் மேடம். உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"எம்மேல புகார் இருந்தா எழுதிக் குடுங்க சார். யாராச்சும் விசாரிக்கட்டும். நானாப் போக மாட்டேன்" என்றார்.

அவர் கல்லால் ஆனவர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது அவருக்குத் தூக்கம் போய்விட்டது என்று ஸ்டீவ் சார் பின்னால் சொன்னார். "ஞாயித்துக்கிழம கோயில்ல முழங்கால் போட்டா எந்திரிக்கவே மாட்டா சார். என்ன வேண்டுறன்னு கேட்டா, அவருக்கு மனசு வரணும்னு சொல்லுவா." அவர் என்றால் நான்தான். என் மனம் மாற வேண்டும் என்று ஒருவர் மண்டியிட்டிருந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? அம்மையாரின் ராஜினாமாக் கடிதத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்!

ஐந்து முறை அவர் அந்தப் பிரமாணப் பத்திரத்தின் வரைவை என் மேசையில் வைத்தார். ஐந்து முறையும் "பாக்கலாம்" என்றேன். ஐந்தாவது முறை ஒரு திங்கட்கிழமை. "சார், வாய்தா நெருங்குது. அந்தம்மா இந்தப் போகத்துக்கு விதை போடலாமா வேணாமான்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரைவை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை விளாங்குடி நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கம்பக்கத்தார் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதய நோய் அவருக்குப் பல ஆண்டுகளாக இருந்ததாம். மருத்துவர் சொன்னார். அதை நான் சொல்வது என் பாரத்தைக் குறைத்துக்கொள்ள அல்ல. அதேபோல், என்னால்தான் இறந்தார் என்று சொல்லி உங்கள் இரக்கத்தைத் தேடவும் நான் இங்கே ஏறவில்லை.

அன்று பிற்பகல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஸ்டீவ் சார் நின்றுகொண்டிருந்தார். "உள்ள போங்க சார். முழிச்சுதான் இருக்கா. ரெண்டு நிமிஷம் பேசலாம்னு சொல்லிருக்காங்க" என்றார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் முகம் மறுபக்கம் திரும்பியிருந்தது. உள்ளே போனால் என்ன கேட்பார்? 'கையெழுத்துப் போட்டீங்களா சார்?' என்றுதானே கேட்பார்? கையெழுத்து இல்லாத அந்த வரைவு என் மேசையில்தானே கிடந்தது?

"நாளைக்கு வாரேன் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு அவர் இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் உங்களில் பலர் இருந்தீர்கள். பாதிரியார் ஜெபம் முடித்து, எல்லோரும் ஒரு பிடி மண் போட்டோம். நான் திரும்பி நடந்தபோது மலையம்மாள் எதிரே நின்றார். அழுது அழுது அவர் கண்கள் வீங்கியிருந்தன. அவர் என்னைத் திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். எனக்கு அது தகும். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஐயா, இனிமே எங்க கொறைய யார்ட்ட போயிச் சொல்ல?"

மூன்று நாள் நான் அலுவலகத்துக்குப் போகவில்லை. நாலாம் நாள் போனேன். அந்த வரைவை எடுத்தேன். அம்மையார் எழுதியிருந்த வரைவு என்னிடம் கனிவாகத்தான் இருந்தது. பணிச்சுமையால் நேர்ந்த கவனக்குறைவு என்றே எழுதியிருந்தார். எனக்குத் தெரியுமா தெரியாதா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை அல்லவா? நான் சொல்லாததை அவர் எழுதவில்லை. அவ்வளவு நேர்மை! நான் அந்தப் பத்தியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். தாக்கல் செய்யப்படவில்லை என்பதை அறிந்திருந்தே, தாக்கல் செய்துவிட்டதாகக் கட்சிக்காரரிடம் சொன்னேன். இதில் ஜூனியர் வழக்கறிஞர் அருண்பாண்டிக்கு எந்தப் பங்கும் இல்லை. இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதை எடுத்துக்கொண்டு மலையம்மாளின் ஊருக்குப் போனேன். வழக்கறிஞர் தாமரைச்செல்வியும் கூட வந்தார். வயலோரம் வேப்ப மர நிழலில் அந்த அம்மாவை உட்காரச் சொல்லி, நான் நின்றபடியே முழுவதையும் வாசித்துக் காட்டினேன். முடித்ததும் கேட்டேன், "இது சரியா இருக்கா ஆத்தா?"

"நெசமா இருக்கு" என்றார். பிறகு சொன்னார்: "ஆனா இம்புட்டு நாளு கழிச்சு வந்துருக்கீகய்யா. அந்தத் தாயி இருக்கையில வந்துருக்கலாம்ல?"

அருண்பாண்டியையும் பார்த்தேன். திரும்ப வரும்படி கேட்டேன். "இல்ல சார். நான் வரல. அந்த ஆபீஸ் படிய இனி மிதிக்க மாட்டேன். ஆனா கோர்ட்ல சாட்சி சொல்லணும்னா கூப்பிடுங்க, வாரேன்" என்றார். அதுவும் நியாயம்தான். என்னை மன்னிக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அதோ, பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார். அந்தத் தம்பியைப் பற்றி எந்த அலுவலகத்திலாவது நான் தவறாகச் சொல்லியிருந்தால், அது பொய் என்று இந்தச் சபையில் அறிவிக்கிறேன். அவரைப் பற்றி இனி யாராவது கேட்டால், இந்த மேடையில் நான் சொன்னதைச் சொல்லுங்கள்.

பெருமக்களே! ஐரின் அம்மையார் யார்? அவர் பெரிய தீர்ப்புகளை வாங்கியவர் அல்ல. செய்தித்தாளில் அவர் படம் வந்ததில்லை. வக்கீலிடம் கேள்வி கேட்கக் கட்சிக்காரருக்கு உரிமை உண்டு என்று நம்பியவர் அவர். அதை நாம் எல்லோரும்தான் நம்புகிறோம் என்பீர்கள். நம்புகிறோமா? நம் அறைக்கு வெளியே இன்று காலையிலிருந்து காத்திருந்த மனிதரின் பெயர் நமக்குத் தெரியுமா? அவரிடம் நாம் கடைசியாகச் சொன்னது உண்மையா? 'அடுத்த வாய்தா' என்று சொல்லி எத்தனை பேரை நாம் அனுப்பியிருக்கிறோம்? நான் ஒருவன்தான் இந்த மேடையில் நிற்கிறேன். ஆனால் நான் ஒருவன் மட்டும்தானா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!

இரங்கல் கூட்டத்தில் இப்படிப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மன்னியுங்கள் தலைவர் அவர்களே, முடித்துவிடுகிறேன்.

எங்கள் அலுவலகம் எடுத்திருக்கும் முடிவை இந்தச் சபையின் முன் வைக்கிறேன். புகார் பதிவேட்டை என் அலமாரியிலிருந்து எடுத்தாகிவிட்டது. இனி அது எந்த வழக்கறிஞர் கையிலும் இருக்காது. என் கையில் இருக்கவே இருக்காது. எங்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ராமக்காள் அவர்கள் அந்தப் பொறுப்பை ஏற்கச் சம்மதித்திருக்கிறார். ஐரின் அம்மையார் எழுதிய அந்த ஒரு தாளில் ஒரு வரிகூடக் குறைக்கப்படாது. ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறோம்: புகாரை விசாரித்ததற்காக, விசாரித்தவருக்கு அலுவலகத்தில் எந்தத் தீங்கும் நேரக் கூடாது. அந்த வரியை நான்தான் எழுதினேன். அதை எழுதத் தகுதியானவன் என்னைவிட வேறு யார் இருக்கிறார்கள்?

என் பிரமாணப் பத்திரத்தின் நகல் பார் கவுன்சிலுக்குப் போயிருக்கிறது. நானே அனுப்பினேன். அவர்கள் என்ன முடிவு எடுப்பார்களோ தெரியாது. என் கறுப்புக் கோட்டைக் கழற்றச் சொல்லலாம். மலையம்மாளின் மனு என்ன ஆகும் என்பதும் தெரியாது. இத்தனை தாமதத்தையும் நீதிமன்றம் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். நிலத்தை ஒப்படைக்க அதுவரை அவகாசம் மட்டும் கிடைத்திருக்கிறது. அந்த அம்மா விதை போட்டுவிட்டார். முளைத்திருக்கிறது என்று இன்று சொன்னார். யார் அறுவடை செய்வார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல முடியவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

ஐரின் அம்மையாரே! ஏழு மாதம், நாள்தோறும், என் கண்ணெதிரே இருந்தீர்கள். உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நேரம் இருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நிமிடம் இருந்தது. நான் கேட்கவில்லை. இப்போது இந்த ஒலிபெருக்கியில் கேட்டால் அது உங்களுக்குக் கேட்காது, இவர்களுக்குத்தான் கேட்கும். ஆகவே கேட்க மாட்டேன். வருகிற பத்தொன்பதாம் தேதி காலை மலையம்மாளின் மனு விசாரணைக்கு வருகிறது. முப்பத்தைந்து ஆண்டுகளாக எத்தனையோ பேரை நான் நிறுத்திக் கேள்வி கேட்ட அந்தச் சாட்சிக் கூண்டில் அன்று நான் ஏறுகிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் என்ன கேட்டாலும், அம்மையாரே, இந்தத் தடவை பதில் சொல்வேன்.